சனிக்கிழமைச் சம்பளமும் பத்து வாரக் கடனும்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட், தைக்கிற பீஸ் கணக்குக்குத்தான் கூலி. நான் செக்கிங். இரண்டு பேர் சம்பளமும் சனிக்கிழமை கைக்கு வரும். கடைசி 12 வாரம் எழுதி வைத்தேன். கூட வந்த வாரம் 9,200, குறைந்த வாரம் 4,800, மொத்தம் 84,000. லைன் வீட்டு வாடகை 5,500. 5 பவுன் நகை ஒரு தனியார் நகைக் கடன் கம்பெனியில் இரண்டு ரசீதாக இருக்கிறது: 3 பவுன் செயின் 90,000க்கு, 2 பவுன் வளையல் 60,000க்கு. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. 4 மாதமாகக் கட்டவில்லை. குழுக் கடன் மாதம் 3,170, இன்னும் 11 தவணை. அவருக்குத் தெரியாமல் ஒரு பத்து வாரக் கடன் வாங்கியிருக்கிறேன். 20,000 எழுதி 17,000 கொடுத்தார்கள், வாரம் 2,000. இது நான்காவது தடவை, இன்னும் 6 வாரம் பாக்கி. மளிகைக் கடையில் 4,000 நிற்கிறது. அவர் பேரில் 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாதம், 13 முடிந்தது. கடைசியில் எடுத்தால்தான் நல்ல தொகை வரும் என்கிறார். கூட வேலை செய்யும் பெண் ஒரு இடம் சொல்கிறாள், 1 லட்சம் போட்டால் மாதம் 8,000 தருவார்களாம். மகள் அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு, மகன் 7ஆம் வகுப்பு. சீட்டை எடுத்து அதில் போடலாமா? எங்கே தப்பு செய்கிறேன் என்றே தெரியவில்லை.
– வாசகி, திருப்பூர்

அன்புச் சகோதரிக்கு,

12 வாரச் சம்பளத்தை எழுதி வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். வரவை வாரம் வாரமாக எழுதிக் கொண்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு தாளை வைத்துத்தான் இந்தப் பதில் முழுவதையும் எழுதுகிறேன்.

எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் செலவில் நான் தேடிப் பார்த்தும் ஊதாரித்தனம் எதுவும் அகப்படவில்லை. 84,000ஐ 12ஆல் வகுத்தால் வாரம் 7,000. மாதத்துக்கு 30,300 ரூபாய் அளவு. இப்போது போவதைப் பாருங்கள். வாடகை 5,500. கரண்ட், தண்ணீர், கேஸ் எல்லாம் 1,000 என்று வைக்கிறேன். குழுக் கடன் 3,170. சீட்டு, ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுப்பதில் உங்கள் பங்காக வரும் கழிவு போக 4,700 அளவு. நகைக் கடன் வட்டி 3,000. வாரக் கடன் மாதக் கணக்கில் 8,600. சாப்பாடு, பிள்ளைகள், பஸ், மருந்து என்று நான்கு பேருக்கு 12,000 போட்டேன், அதுவே இறுக்கம்தான். கூட்டினால் 38,000ஐத் தொடுகிறது. மாதம் ஏழாயிரத்து எழுநூறு ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டுதான் ஒரு மாதம் கட்டாத வட்டியாகவும், இன்னொரு மாதம் மளிகைப் பாக்கியாகவும், பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுக் கடனாகவும் வந்து நிற்கிறது. நீங்கள் சிக்கனமாக இல்லாததால் வந்ததில்லை இது.

முதலில் அந்த வாரக் கடனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 17,000 வாங்கி 20,000 கட்டுகிறோம், 3,000தானே வட்டி என்று தோன்றும். ஆனால் 17,000 உங்கள் கையில் பத்து வாரமும் இருப்பதில்லை. அடுத்த சனிக்கிழமையே 2,000 திரும்பிப் போகிறது. ஐந்தாவது வாரம் பாதிக் கடன் கட்டியாகிவிட்டது. வாரா வாரம் குறைந்துகொண்டே வரும் தொகைக்குக் கணக்குப் போட்டால், பத்து வாரத்துக்கும் சராசரியாக உங்களிடம் இருந்தது 10,000 ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பணத்துக்கு இரண்டரை மாதத்தில் 3,000 வட்டி. வாரத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய், மாதத்துக்கு 13 ரூபாய். நகைக் கடன் கம்பெனியின் இரண்டு வட்டியே அதிகம் என்று நாம் நினைக்கிறோம், இது அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். நான்கு தடவைக்கும் சேர்த்து 12,000 ரூபாய் வட்டியாகவே போகிறது.

ஆனால் இதை இன்றைக்கே மொத்தமாக அடைத்துவிடலாம் என்று ஓடாதீர்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். இன்று 12,000 கொடுத்து முடித்தாலும், அவர்களாக ஏதாவது கழித்துத் தந்தால் ஒழிய உங்களுக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. 6 வாரமும் ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். ஏழாவது வாரம், "அக்கா, அடுத்த லோன் ரெடி" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்வதற்குக் கையில் காசு இருக்க வேண்டும். அதற்குத்தான் சீட்டு.

சீட்டை இந்த 14ஆவது மாத ஏலத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தள்ளாமல், அதாவது ஏலத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் கடைசியில் எடுத்தால், கமிஷன் 5 சதவீதம் என்று வைத்து அது போக 95,000 வரும். இப்போது எடுத்தால் கமிஷனையும் சேர்த்து 12,000 அளவுக்குத் தள்ளி 88,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்கு 7,000 நஷ்டம். ஆனால் அந்த 88,000ஐ வைத்து நான் கீழே சொல்வதுபோல நகையை மாற்றினால், நகை வட்டி மாதம் 3,000இலிருந்து 800க்கு இறங்கும். 6 மாதத்தில் மிச்சம் 13,200. 7,000 விட்டு 13,200 எடுக்கிறோம். ஏலத்தில் போட்டி அதிகமாகி இன்னும் இரண்டாயிரம் கூடத் தள்ள வேண்டி வந்தாலும் லாபம்தான். அதற்கு மேல் போனால் நிறுத்திக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம்.

எடுத்த பின் பாக்கி இருக்கும் 6 தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். யார் கையெழுத்துப் போடுவார் என்று ஏலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். சீட்டு ஒப்பந்தத்தில் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1982ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி எண் எதுவும் இல்லையென்றால் இந்த மாதமே எடுப்பதற்கு அது இன்னொரு காரணம்.

இப்போது நகை. நான் பல வருடம் ஒரு வங்கியில் நகைக் கடன் கவுண்டரில் இருந்தவன். கையில் வேறு இடத்து அடகு ரசீதைப் பிடித்துக்கொண்டு, "இதை இங்கே மாத்திக்க முடியுமா சார்" என்று கேட்டு வரும் பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். நகை வந்தால்தான் கடன் என்று சொல்லி அனுப்புவோம். மீட்கப் பணம் இல்லாமல்தானே வந்தார்கள், அப்படியே திரும்பிப் போவார்கள். உங்களுக்கு நல்ல வேளையாக ரசீது இரண்டாக இருக்கிறது. அதுதான் வழி.

சீட்டுப் பணம் வந்ததும் சின்ன ரசீதை மட்டும் மீட்டெடுங்கள். 60,000 அசல், 4 மாத வட்டி 4,800, ஆக 64,800. அபராத வட்டி ஏதாவது சேர்த்திருந்தால் சற்றுக் கூடும், முதல் நாளே கவுண்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வளையல் கைக்கு வந்ததும் அன்றைக்கே வங்கிக்குக் கொண்டு போங்கள். நகைக் கடனுக்கு வங்கிகளில் ஆண்டுக்கு 9, 10 சதவீத அளவில்தான் வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. முன்கூட்டியே போய் எடை பார்க்கும் நேரம், மதிப்பீட்டுக் கட்டணம், ஆதார் நகல் எல்லாம் விசாரித்து வைத்திருங்கள். மதியத்துக்கு மேல் போனால் மதிப்பீட்டாளர் கிளம்பியிருப்பார், அப்புறம் நாளை வா என்பார்கள். தங்கம் இன்றைக்கு விற்கும் விலையில் அந்த 2 பவுனுக்கே பெரிய ரசீதை மீட்கும் தொகை கிடைக்க வாய்ப்பு அதிகம். வேண்டியது 90,000, வட்டி 7,200, ஆக 97,200. கொஞ்சம் குறைந்தால் சீட்டுப் பணத்தின் மீதியைப் போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு மாலையோ மறுநாளோ 3 பவுன் செயின் உங்கள் கழுத்துக்குத் திரும்பிவிடும். வங்கியில் வளையல் மட்டும் இருக்கும். 1,50,000 கடன் 97,200 ஆகும். கடன் முடித்தால் நகையை 7 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தப்பினால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. தாமதம் செய்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செயின் வீட்டுக்கு வந்த மாதமே போன் வரும். "விலை ஏறியிருக்கும்மா, அதே நகைக்கு இப்ப இன்னும் அதிகம் தரோம்" என்பார்கள். வங்கியிலும் அதே நகைமேல் கூடுதல் தொகை தரத் தயாராக இருப்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் சின்னக் கடன்களுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று விதியும் தளர்ந்திருக்கிறது. தங்கம் விலை ஏறினால் கடன் வாங்கும் தகுதிதான் ஏறுகிறது, உங்கள் சனிக்கிழமைச் சம்பளம் ஏறவில்லை. 97,200 எடுக்கப் போனவர் 1,30,000 எடுத்துக்கொண்டு வந்து, மறுவருடம் அதைத் திருப்ப முடியாமல் நின்றதைக் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்தேன். மனது இன்னும் கேட்பதில்லை.

சரி, 88,000இல் 64,800 போக மீதி 23,200. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு 4,000 கொடுத்துவிடுங்கள். அவர் வட்டி கேட்காதவர், இன்னொரு மோசமான வாரத்தில் உங்களைத் தாங்கப் போவதும் அவர்தான். கையில் 19,200 நிற்கும். வாரக் கடன் முடிகிற அந்த 6 வாரத்தில் 8,000 அளவுக்குத் துண்டு விழும், இதிலிருந்து போகட்டும். மீதி 11,000ஐத் தொடக்கூடாது. அது எதற்கு என்று இதோ சொல்கிறேன்.

பீஸ் ரேட் வீட்டில் கஷ்டம் வருவது குறைந்த வாரத்தால் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு என்னவோ, நல்ல வாரத்தில்தான் அது தொடங்குகிறது. 9,200 வந்த சனிக்கிழமை, தள்ளிப்போட்ட எல்லாச் செலவும் கதவைத் தட்டும். 4,800 வந்த சனிக்கிழமை வாடகை நாள் பக்கத்தில் இருக்கும். திருப்பூருக்கு இது புதிதும் இல்லை. 2011இல் சாயப்பட்டறைகளை மூடியபோது ஊரே வேலையில்லாமல் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர் என்ன ஆனது என்று உங்கள் கம்பெனியிலேயே பார்த்திருப்பீர்கள். குறைந்த வாரம் வரத்தான் செய்யும். அதற்கான பணம் நல்ல வாரத்திலிருந்து வர வேண்டும், வாரக் கடன்காரரிடமிருந்து வரக்கூடாது.

அதனால் சனிக்கிழமை இரவு, கடைத்தெருவுக்குக் கிளம்பும் முன், 3,500 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். வாடகை, குழு, சீட்டு, வங்கி வட்டி, கரண்ட் எல்லாம் மாதம் 15,170. அதன் வாரப் பங்குதான் இந்த 3,500. டப்பாவில் வைத்தால் தங்காது. உங்கள் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதில் போடுங்கள், அந்தக் கணக்கைப் போனில் ஜிபேயோடு இணைக்காதீர்கள். அடுத்து வீட்டுச் செலவுக்கு 2,800. ஞாயிற்றுக்கிழமைக் கறி இதற்குள்ளேயே வரட்டும், அதை விடச் சொல்ல நான் வரவில்லை. வாரம் முழுக்க மெஷினில் உட்கார்ந்தவருக்கும் நாள் முழுக்க நின்று பீஸ் பார்த்தவருக்கும் அந்த ஒரு வேளை வேண்டும். மொத்தம் 6,300 ஆயிற்று. 9,200 வந்தால் மீதி 2,900 அந்த 11,000த்தோடு போய்ச் சேரட்டும். 4,800 வந்தால் குறையும் 1,500ஐ அதிலிருந்து எடுங்கள். 30,000 சேரும் வரை இதே பழக்கம். அதற்கு மேல் வருவதை வளையல் கடனில் அசலாகக் கட்டுங்கள். 6 மாதத்தில் சீட்டு முடிந்தால் மாதம் 4,700 விடுபடும், 11 மாதத்தில் குழுக் கடன் முடிந்தால் இன்னொரு 3,170.

மாதம் 8,000 தரும் இடத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வேண்டாம். அஞ்சலகத்தில் 1 லட்சம் போட்டால் வருடத்துக்கே 7,000 ரூபாய் அளவில்தான் வருகிறது. அதைவிடக் கூடுதலாக ஒரே மாதத்தில் தருகிறவர், பின்னால் பணம் போடுகிறவரின் காசை எடுத்துத்தான் தருகிறார். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012இல் எப்படி நின்றார்கள் என்று உங்கள் கம்பெனியில் வயதானவர்களைக் கேளுங்கள். அந்தப் பெண் உங்களை ஏமாற்றுகிறாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு முதல் சில மாதம் ஒழுங்காக வந்திருக்கும், அதனால் நம்பிச் சொல்கிறாள். அவளிடமும் போட்டதை எடுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளின் படிப்புக்கு நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் உங்களுக்குத் தெரியாத வாசல் சில திறந்திருக்கின்றன. 6ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், மேலே படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பொறியியல் மாதிரியான படிப்பு என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால் அதற்குரிய சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணமே குறைவு. இதற்கெல்லாம் மேலும் தேவைப்பட்டால் வங்கிக் கல்விக் கடன், 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. பிள்ளையின் படிப்புக்காக மட்டும் வாரக் கடன்காரரிடம் போய்விடாதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை. வங்கிக்குப் போகும் அதே நாளில் இரண்டு பேரும் விபத்துக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் படிவம் எழுதிக் கொடுங்கள். பிரதமர் பெயரில் உள்ள திட்டங்கள் அவை, ஒன்று வருடத்துக்கு 20 ரூபாய், மற்றது 436 ரூபாய், இரண்டிலும் 2 லட்சம். கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு அது உண்டு. கார்டு இருந்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனதற்கு வருகிறேன். "அவருக்குத் தெரியாமல்." சீட்டு அவர் பேரில் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் இந்த வழியில் ஒரு அடிகூட வைக்க முடியாது. அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். கடன்காரர் வாசலில் வந்து சொல்லி அவருக்குத் தெரிவதைவிட, நீங்கள் சொல்லித் தெரிவது எவ்வளவோ மேல். சனிக்கிழமை இரவு வேண்டாம், அன்றைக்கு இரண்டு பேருக்கும் உடம்பு ஓய்ந்திருக்கும். ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும், அந்த 12 வாரத் தாளை முதலில் அவர் முன்னால் வையுங்கள். மாதம் ஏழாயிரத்து எழுநூறு எப்படித் துண்டு விழுகிறது என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும். கூட்டி முடித்தால், அந்தத் துண்டை இத்தனை நாளும் யார் எப்படி அடைத்தார்கள் என்ற கேள்வி அவருக்கே வரும். அப்போது வாரக் கடன் அட்டையை எடுத்துக் கொடுங்கள். கோபப்படலாம். படட்டும். வீட்டுக்காகத்தான் வாங்கினீர்கள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது.

சீட்டு எவ்வளவுக்குத் தள்ளிப் போனது, வங்கியில் 2 பவுனுக்கு எவ்வளவு தந்தார்கள் என்று இந்த இரண்டு தொகையையும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்த 11 மாதத்துக்கு மாதவாரியாகக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.